மேல் மோட்டாரை முதலில் நிறுத்து

எங்கள் பெரியப்பா தோட்டத்துக் கிணறு 90 அடி ஆழம். கவலை ஓட்டிய காலம் முடிந்து, கரண்ட் வந்து, மோட்டார் வைத்த தலைமுறை அவருடையது. முதலில் கிணற்றுக்குள் பாறையைக் குடைந்து ஒரு மேடை அமைத்து, அதில் ஒரு மோட்டாரை உட்கார வைத்தார். தண்ணீர் மட்டம் இறங்க இறங்க அது போதாமல் போனது. அடியில் இன்னொரு மேடை, இன்னொரு மோட்டார். கீழ் மோட்டார் தள்ளிவிடும் தண்ணீர் குழாய் வழியே நேராக மேல் மோட்டாரின் வாய்க்குள் போகும். மேல் மோட்டார் அதை வாங்கி வாய்க்காலில் கொட்டும்.

கோடை விடுமுறைக்குப் போனால் மோட்டார் போடுவது என் வேலை. பெரியப்பா ஒரே ஒரு விதிதான் சொல்லித் தந்தார்.

"கண்ணு, போடறப்ப கீழ் மோட்டாரு மொதல்ல. நிறுத்தறப்ப மேல் மோட்டாரு மொதல்ல. மாத்திப்போட்டீன்னா மேல இருக்கறது காத்தத்தான் குடிக்கும்."

ஒரு நாள் கிட்டிப்புள் விளையாடப் போகிற அவசரத்தில் கீழ் சுவிட்சை முதலில் இறக்கிவிட்டேன். மேல் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் நின்றுவிட்டது. ஐந்து நிமிடத்தில் கிணற்றுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம், பிறகு கிளாண்ட் கயிறு கருகிய வாடை. பெரியப்பா தோட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடி வந்தார். அடிக்கவில்லை. மறுநாள் பத்து மைல் சைக்கிள் மிதித்து கிளாண்ட் கயிறு வாங்கி வரச் சொன்னார். அந்த விதி அதற்குப் பிறகு எனக்கு மறக்கவே இல்லை என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறந்தேன். அதுவும் தண்ணீரில் அல்ல, பெட்ரோலில். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், பெரியப்பா சொன்ன அந்த ஒரு விதியை உலகம் எப்படிக் கற்றுக்கொண்டது என்று பார்க்கலாம். நம் பக்கத்தில் மோட்டாரோடு மல்லுக்கட்டாத குடும்பம் கிடையாது. அதனால் உங்களுக்கு இது அலுக்காது என்று நம்புகிறேன்.

பம்பு தண்ணீரை "இழுக்கிறது" என்று நாம் சொல்கிறோம். உண்மையில் எந்தப் பம்பும் எதையும் இழுப்பதில்லை. தன் வாயில் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். வெளியே இருக்கிற காற்று தண்ணீரை அழுத்தி மேலே தள்ளுகிறது. இது புரிய மனிதனுக்கு வெகுகாலம் ஆயிற்று. உறிஞ்சும் பம்பு ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்றாது என்பது இத்தாலியில் கிணறு வெட்டுபவர்களுக்கும் பம்பு செய்பவர்களுக்கும் அனுபவத்தில் தெரிந்திருந்தது. கலிலியோ 1638இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் இதைப் பற்றி எழுதினார். ஆனால் அவரே காரணத்தைத் தவறாகச் சொன்னார். நீளமான கயிறு தன் எடை தாங்காமல் அறுவதுபோல, தண்ணீர்த் தூணும் தன் எடை தாங்காமல் அறுந்துவிடுகிறது என்பது அவர் எண்ணம். அவருக்குப் பின் வந்த டாரிசெல்லிதான், தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனமான பாதரசத்தை எடுத்துக்கொண்டு, அது சுமார் 76 சென்டிமீட்டரில் நின்றுவிடுகிறது என்று காட்டினார். தாங்கி நிற்பது வெளிக்காற்றின் எடை என்பது தெளிவாயிற்று.

கணக்கில் 34 அடி வரும். ஆனால் நம் ஊரில் எந்தப் பிட்டரைக் கேட்டாலும் 25 அடிக்கு மேல் மோட்டாரை வைக்காதே என்பார். குழாயின் உராய்வு, ஃபுட் வால்வின் தடை, பம்பின் சொந்தத் தேவை என்று மீதி போய்விடும். அதனால்தான் பெரியப்பா கிணற்றுக்குள் மேடை குடைந்தார். அவருக்கு டாரிசெல்லியைத் தெரியாது. கிணறு அவருக்கு அதையே சொல்லிக் கொடுத்திருந்தது.

இப்போது தண்ணீரை எடுத்துவிட்டு அங்கே பெட்ரோலை வையுங்கள்.

எந்தத் திரவமும் அதன் மேலுள்ள அழுத்தம் குறைந்தால் சீக்கிரம் கொதிக்கும். மலை மேல் சோறு வேகத் தாமதமாவது இதனால்தான். அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுகிறது. பெட்ரோல் சாதாரண வெயிலிலேயே ஆவியாகத் துடிக்கிற திரவம். 38 டிகிரி வெப்பத்தில் அதன் ஆவியழுத்தம் காற்றழுத்தத்தில் பாதிக்கு மேல்கூடப் போகும். அதாவது, 10 மீட்டர் தண்ணீரைத் தாங்கும் காற்று நமக்குக் கொடுத்த மூலதனத்தில் 6 மீட்டரைப் பெட்ரோலின் ஆவியே விழுங்கிவிடும். மிச்சம் 4 மீட்டர். வடிகட்டியில் கொஞ்சம், குழாயில் கொஞ்சம் கழித்தால், வேகமாகச் சுற்றுகிற பெரிய பம்பின் வாய்க்கு வேண்டிய அழுத்தம் மிஞ்சாது. சமையல் எரிவாயு இன்னும் மோசம். டேங்குக்குள்ளேயே அது கொதிக்கிற நிலையில்தான் உட்கார்ந்திருக்கிறது. டேங்கின் அழுத்தத்தால் லாபமே இல்லை. பம்புக்கு மேலே திரவம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பது மட்டுமே கணக்கு. அதனால்தான் அந்தப் பம்புகளைத் தரையில் குழி வெட்டி, செங்குத்தாக இறக்கி வைக்கிறார்கள். பெரியப்பாவின் மேடை வேறு வேடத்தில்.

இதற்குக் கண்ட வழிதான் பம்புகளை வரிசையாக வைப்பது. டார்ச் லைட்டுக்குள் பேட்டரிக் கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவதைப் போல. கரண்ட் ஒன்றுதான், வோல்டேஜ் கூடும். அப்படியே, வரிசைப் பம்புகளில் ஓடுகிற திரவத்தின் அளவு ஒன்றுதான், அழுத்தம் மட்டும் கூடிக்கொண்டே போகும். முதல் பம்பு டேங்கை ஒட்டி, தாழ்வான இடத்தில் நிற்கும். மெதுவாகச் சுற்றும், வாய் பெரிது, தனக்கென்று அதிகம் கேட்காது. அதன் வேலை, அடுத்த பெரிய பம்பின் வாயில் திரவத்தை அழுத்தத்தோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது. இதை பூஸ்டர் என்போம். பெரிய பம்பு மெயின். பெயரும் புகழும் மெயினுக்கு. ஆனால் பூஸ்டர் கொடுக்காவிட்டால் மெயினால் ஒரு சொட்டைக்கூட அனுப்ப முடியாது.

ஒரே அச்சில் பல சக்கரங்களை வரிசையாகக் கோத்து ஒரே பம்பாகச் செய்யும் யோசனையும் பழையதுதான். இங்கிலாந்தின் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் 1875இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்று நாம் "எத்தனை ஸ்டேஜ் மோட்டார்?" என்று கடையில் கேட்பது அந்த வரிசையைத்தான்.

எண்ணெயைக் குழாயில் அனுப்பும் கதை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தொடங்குகிறது. அந்த எண்ணெய் லேசானது, ஆவி அதிகம். கிணற்றிலிருந்து ரயிலடிக்குப் பீப்பாய்களைக் கொண்டுபோனவர்கள் குதிரை வண்டிக்காரர்கள். அவர்கள் கேட்டதுதான் வாடகை. 1865இல் சாமுவேல் வான் சைக்கிள் என்பவர் பிட்ஹோல் என்ற ஊரிலிருந்து ரயிலடி வரை ஐந்து மைலுக்குச் சற்று அதிகமாக இரண்டு அங்குல இரும்புக் குழாய் போட்டார். மூன்று நீராவிப் பம்புகள். ஒரு நாளைக்குச் சுமார் 2000 பீப்பாய் எண்ணெய் போயிற்று. வண்டிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? குழாயைத் தோண்டி உடைத்தார்கள். துப்பாக்கியோடு காவல் போட வேண்டியதாயிற்று. வயிற்றுப்பிழைப்புப் போனவன் கோபம் எந்தக் காலத்திலும் ஒன்றுதான்.

1879இல் டைட்வாட்டர் கம்பெனி 109 மைல் தூரத்துக்கு ஆறு அங்குலக் குழாயை அலிகேனி மலையைத் தாண்டிப் போட்டது. ஒரே தள்ளில் எண்ணெய் போய்ச்சேராது. வழியில் இன்னொரு பம்பு நிலையம் வேண்டும். அன்று இதுபோன்ற நிலையங்களில் வழக்கம் என்னவென்றால், வருகிற எண்ணெயை ஒரு டேங்கில் விடுவார்கள், பிறகு அந்த டேங்கிலிருந்து அடுத்த பம்பு எடுத்துக்கொள்ளும். இடையில் டேங்க் இருப்பதால் பின்னால் இருக்கும் பம்பு நின்றாலும் முன்னால் இருப்பதற்கு உடனே ஆபத்தில்லை. டேங்கில் இருப்பதைக் கொண்டு கொஞ்ச நேரம் சமாளிக்கலாம். ஆனால் ஒவ்வொரு டேங்கிலும் கொட்டி எடுக்கும்போது லேசான பகுதி ஆவியாகிக் காற்றோடு போயிற்று. கச்சா எண்ணெய்க்கே இப்படி என்றால், பெட்ரோலை அனுப்பத் தொடங்கியபோது அது கண்கூடான நஷ்டம். தீப்பிடிக்கும் பயம் வேறு.

அதனால் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் டேங்கை நடுவிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு நிலையத்துப் பம்பிலிருந்து நேராக அடுத்த நிலையத்துப் பம்பின் வாய்க்கே கொண்டுபோகும் முறை பரவியது. நஷ்டம் நின்றது. ஆனால் அன்றிலிருந்து பம்புகளின் தலையெழுத்து ஒன்றோடொன்று முடிச்சுப் போடப்பட்டுவிட்டது. பின்னால் இருக்கிறவன் நின்றால் முன்னால் இருக்கிறவனுக்குச் சோறில்லை. முன்னால் இருக்கிறவன் நின்றால் பின்னால் இருக்கிறவனின் குழாயில் அழுத்தம் எகிறும். இந்தச் செய்தி குழாய்க்குள் ஏறத்தாழ நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். மனிதன் ஓடிப்போய் வால்வைத் திருப்புவதற்குள் அது அடுத்த ஊர் போய்விடும்.

இந்த நேரத்தில் பம்பின் வாயில் அழுத்தம் குறைந்தால் என்ன ஆகிறது என்பதை உலகம் வேறொரு இடத்திலிருந்து கற்றுக்கொண்டிருந்தது. கப்பலிலிருந்து. 1890களில் பிரிட்டிஷ் கடற்படையின் "டேரிங்" என்ற போர்க்கப்பல் சோதனை ஓட்டத்தில் எதிர்பார்த்த வேகம் போகவில்லை. காற்றாடியை வேகமாகச் சுற்றினால் அதன் இலைகளுக்குப் பின்னால் தண்ணீர் அறுந்து வெற்றிடக் குமிழிகள் உண்டாவதைத் தார்னிகிராஃப்ட்டும் பார்னபியும் கண்டார்கள். அதற்குக் கேவிட்டேஷன் என்ற பெயர் வந்தது. அதே காலத்தில், சார்லஸ் பார்சன்ஸ் தன் நீராவி டர்பைனை வைத்துக் கட்டிய "டர்பினியா" கப்பலுக்கும் இதே தொல்லை. அவர் சோர்ந்துவிடாமல், சிறிய தண்ணீர்த் தொட்டி ஒன்று செய்து அதில் குழிழிகளைக் கண்ணால் பார்த்து ஆராய்ந்தார். ஒரே காற்றாடிக்குப் பதிலாக மூன்று அச்சுகள், அச்சுக்கு மூன்றாக ஒன்பது காற்றாடிகள் என்று மாற்றினார். 1897இல் விக்டோரியா ராணியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பில் டர்பினியா எல்லாக் கப்பல்களையும் முந்திக்கொண்டு ஓடியது.

வேகம் குறைவது மட்டும் அல்ல தொல்லை. குமிழி அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் சட்டென்று சுருங்கி உடையும். அப்போது அந்தச் சின்னஞ்சிறு இடத்தில் எழும் அழுத்தம் உலோகத்தையே கொத்தி எடுக்கும். ராலே பிரபு 1917இல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். பம்பிலும் இதே கதைதான். இம்பெல்லரின் வாயில் திரவம் கொதித்துக் குமிழியாகும், உள்ளே போனதும் உடையும். இம்பெல்லர் அம்மை போட்ட முகம்போல் குழிகுழியாகிவிடும். வெளியே நிற்கிறவன் காதுக்கு, பம்புக்குள் யாரோ கூழாங்கல்லை அள்ளிப் போட்டதுபோல் கேட்கும். அந்தச் சத்தத்தை ஒரு முறை கேட்டவன் மறக்கமாட்டான்.

குமிழி இன்னும் அதிகமானால் பம்புக்குள் ஆவி மட்டுமே நிற்கும். தண்ணீர்ப் பம்பு என்றால் கிளாண்ட் கயிறு கருகும், சைக்கிளில் போய் வாங்கி வரலாம். பெட்ரோல் பம்பில் கிளாண்டுக்குப் பதில் மெக்கானிக்கல் சீல். வழவழப்பான இரண்டு வளையங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டே கசிவைத் தடுக்கும். அவற்றுக்கு நடுவே இருக்கிற மெல்லிய திரவப் படலம்தான் அவற்றைக் குளிர வைக்கிறது. படலம் காய்ந்தால் சில நொடிகளில் வளையம் சூடேறி வெடிக்கும். வெடித்த இடத்தின் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும். பக்கத்திலேயே சூடான உலோகம். மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப்போரில் இந்த அறிவுக்கெல்லாம் பெரிய சோதனை வந்தது. 1942 தொடக்கத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் அமெரிக்கக் கடற்கரையை ஒட்டியே எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடித்தன. டெக்சாஸ் எண்ணெயைக் கிழக்குக் கடற்கரைக்குத் தரைவழியே கொண்டுபோக வேண்டியதாயிற்று. அரசாங்கம் இரண்டு குழாய்களைப் போட்டது. "பிக் இன்ச்" என்பது 24 அங்குலம், கச்சா எண்ணெய்க்கு. 1942 ஆகஸ்டில் தொடங்கி ஓராண்டு காலத்தில் முடித்துவிட்டார்கள். "லிட்டில் பிக் இன்ச்" 20 அங்குலம், பெட்ரோல் போன்ற சுத்திகரித்த பொருள்களுக்கு. நியூஜெர்சி வரை 1,475 மைல். 1944இல் ஓடத் தொடங்கியது.

பிக் இன்ச்சில் ஏறத்தாழ 50 மைலுக்கு ஒரு நிலையம். நிலையத்துக்கு மூன்று பம்புகள், ஒவ்வொன்றுக்கும் 1,500 குதிரைத்திறன் மின் மோட்டார், மூன்றும் வரிசையாக. இப்படிப்பட்ட நிலையங்களில் ஒவ்வொரு பம்பையும் சுற்றிக்கொண்டு ஒரு பக்கக் குழாய் போகும். அதில் ஒருவழி வால்வு. வரிசையில் ஒரு பம்பு நின்றுபோனால் திரவம் அதற்குள் புகுந்து திணறாமல் பக்கக் குழாய் வழியே அடுத்த பம்புக்குப் போய்விடும். எளிய ஏற்பாடுதான், ஆனால் அதுதான் வரிசையைக் காப்பாற்றுகிறது. அதே 1944இல் பிரிட்டிஷார் ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் பிரான்சுக்குப் பெட்ரோல் அனுப்ப "புளூட்டோ" என்ற பெயரில் குழாய் போட்டார்கள். கடலுக்கு அடியில் இடைநிலையம் வைக்க முடியாது. வேண்டிய தள்ளு முழுவதையும் இந்தக் கரையிலேயே கொடுத்துவிட வேண்டும். ஜெர்மன் விமானங்கள் கண்டுபிடிக்காமல் இருக்க, பம்பு நிலையங்களைச் சாதாரண வீடுகள்போல வேடமிட்டு வைத்திருந்தார்கள்.

நம் நாட்டில் பெட்ரோலியப் பொருள்களைத் தூரத்துக்குக் கொண்டுபோன முதல் பெரிய குழாய் 1964இல் குவாஹாட்டியிலிருந்து சிலிகுரிக்குப் போட்டது, 435 கிலோமீட்டர். இன்று சென்னையிலிருந்து திருச்சி, மதுரைக்கும் பெட்ரோல் குழாயில்தான் வருகிறது. நெடுஞ்சாலை ஓரம் மஞ்சள் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் அடியில் யாரோ யாருக்கோ கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இனி என் கதை.

1978 மே மாதம். கடலோர ஊர் ஒன்றில் ஒரு பெட்ரோலியக் கிடங்கு. பெயர் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, நான் ஷிப்ட் இன்ஜினியர். ராத்திரி ஷிப்ட். ரயில் வேகன்களுக்குப் பெட்ரோல் ஏற்றிக்கொண்டிருந்தோம். பூஸ்டர் ஒன்று, மெயின் ஒன்று. டேங்கில் மட்டம் குறைவு. பகல் வெயிலின் சூடு ராத்திரியிலும் டேங்கை விட்டுப் போகவில்லை. பம்பு ஷெட்டில் இருந்த ஆபரேட்டர் என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். பெரிய படிப்பு இல்லை. கையெழுத்து அழகாக இருக்கும்.

இரண்டு மணிக்கு மேல் மெயின் பம்பு நின்றது. கண்ட்ரோல் ரூமில் போர்டைப் பார்த்தேன். பூஸ்டருக்குப் பச்சை விளக்கு எரிகிறது. மெயின் விளக்கு அணைந்திருக்கிறது. போனை எடுத்தேன்.

"யார் நிறுத்தினது அண்ணே?"

"நான்தான் சார். உள்ள கல்லு அரைக்குது சார்."

"பூஸ்டர் ஓடுதே. பச்சை எரியுது பாருங்க. மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க."

"சக்‌ஷன் முள்ளு ஆடுது சார். நான் போடமாட்டேன் சார். நீங்க வந்து பாருங்க."

நான் போகவில்லை. வேகன் நிற்கிறது, தாமதமானால் ரயில்வேக்குத் தண்டம் கட்ட வேண்டும், மேலதிகாரி வீட்டிலிருந்து இரண்டு முறை போன் செய்துவிட்டார். இன்னொரு முறை உத்தரவிட்டேன். அவர் மாட்டேன் என்றார். லாக் புக்கில் "ஆபரேட்டர் உத்தரவை ஏற்க மறுத்தார்" என்று எழுதினேன்.

காலையில் மெயின்டனன்ஸ் ஆட்கள் திறந்து பார்த்தார்கள். பூஸ்டருக்கும் அதன் மோட்டாருக்கும் நடுவே இருக்கிற கப்ளிங்கின் பின்கள் அறுந்திருந்தன. மோட்டார் மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது, பம்பு சும்மா நின்றது. போர்டில் எரிந்த பச்சை விளக்கு மோட்டாருக்கானது, பம்புக்கானது அல்ல. மெயின் பம்பின் இம்பெல்லர் வாயில் குழிகள். சீல் வளையத்தில் மயிரிழைபோல் ஒரு வெடிப்பு. நான் சொன்னபடி அவர் மறுபடி ஓட்டியிருந்தால் அது தாங்கியிருக்காது. ஷெட்டில் நின்றது அவர். கண்ட்ரோல் ரூமில் இருந்தது நான்.

ஆனாலும் விசாரணை நடந்தது. அது பம்பைப் பற்றியது அல்ல, உத்தரவை மீறியதைப் பற்றியது. என்னிடம் இரண்டே கேள்விகள். நீங்கள் ஸ்டார்ட் செய்யச் சொன்னீர்களா? சொன்னேன். அவர் செய்தாரா? செய்யவில்லை. இரண்டு பதிலும் உண்மை. மெயின்டனன்ஸ் ரிப்போர்ட் என்று வாயெடுத்தேன். விசாரித்தவர், அது வேறு விஷயம் என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை என்பதுதான் அப்போது என் மனதில் இருந்த ஒரே எண்ணம். அவருக்கு ஒரு வருட இன்கிரிமென்ட் வெட்டு. அவருக்கு மூன்று பெண்கள்.

சில மாதம் கழித்து மெயின் பம்பின் வாயில் ஒரு சின்னக் கருவி பொருத்தினார்கள். சக்‌ஷன் அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனால் அது தானாகவே மோட்டாரை நிறுத்திவிடும். பொருத்துகிற அன்று நான் பக்கத்தில் நின்றேன். அவரும் நின்றார். கருவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என் வேலைய இனி இது பாக்கும் சார். இதுக்கு மெமோ குடுக்க முடியாது."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் பதில் வரவில்லை.

அவர் ரிட்டயர் ஆன அன்று மாலை போட்டேன். நான்கு நல்ல வார்த்தை பேசினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. பிறகு நான் பணியில் பல ஊர்களுக்குப் போனேன், புதிதாக வந்த பையன்களுக்கு வகுப்பு எடுத்தேன். போர்டில் எரியும் விளக்கை நம்பாதே, பம்பின் வாயில் இருக்கிற முள்ளைப் பார், ஷெட்டில் நிற்பவன் நிறுத்தினால் முதலில் நீ போய்ப் பார், பிறகு கேள்வி கேள் என்று அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். இதை எங்கே கற்றேன் என்று மட்டும் சொன்னதில்லை. அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அந்த விசாரணைக் காகிதத்தில் இன்றும் அவர் பெயர்தான் தவறு செய்தவராக இருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். தவறு என்னுடையது.

பெரியப்பா தோட்டத்துக் கிணறு இப்போது வறண்டு கிடக்கிறது. மேடைகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன, புறா கூடு கட்டியிருக்கிறது. பக்கத்தில் 900 அடி போர் போட்டிருக்கிறார்கள். பெரியப்பாவின் பேரன் செல்போனிலேயே மோட்டாரைப் போடுகிறான். போன மாதம் போயிருந்தபோது ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து காட்டினான். தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் தானாக நிறுத்திவிடும் சாதனம் ஒன்று அதற்குள் இருந்தது.

"தாத்தா காலத்துல இதெல்லாம் இல்லீங்களா சித்தப்பா?" என்று கேட்டான்.

"இருந்துச்சு கண்ணு. ஆளா இருந்துச்சு" என்றேன்.